ரெண்டு பச்சை, ரெண்டு சிவப்பு

நல்லூரில் அந்தக் காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள், பக்கத்துக்கு நான்காக எதிரெதிரே இருந்தன. அவற்றில் நான்கு வீடுகளில் கைக்குழந்தை உண்டு. அந்த நான்கில் இரண்டு வீடு சிவப்பு, இரண்டு வீடு பச்சை. ஏன் அப்படி என்பதுதான் கோமளாவுக்குப் பிடிபடவில்லை.

சுவரில் பூசிய நிறம் இல்லை அது. தடுப்பூசித் திட்டம் ஒன்றின் டேப்லெட்டில், வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் சின்ன வட்டம். பச்சை என்றால் அந்த வீட்டார் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொள்வார்கள். மஞ்சள் என்றால் எடுத்துச் சொன்னால் போட்டுக்கொள்வார்கள். சிவப்பு என்றால் மறுப்பார்கள். மறுத்தார்கள் என்று இல்லை, மறுப்பார்கள். இனிமேல் நடக்கப்போவதை அந்த வட்டம் சொன்னது.

கோமளாவின் வீடு சிவப்பு. அவளுடைய மகள் அக்ஷராவுக்கு எட்டரை மாதம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போட வேண்டிய ஊசிகளையெல்லாம் போட்டாகிவிட்டது. கார்டில் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. அடுத்தது ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை ஊசி. அதற்கும் அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். குழந்தையைக் கம்பெனிக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலை பார்த்தாள். ஆடி பிறந்ததும் இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைக்குத் தட்டம்மை கண்டது. கம்பெனிக்காரர்கள் பயந்துபோய்த் திட்டத்தாரிடம் பட்டியல் கேட்டு வாங்கினார்கள். மறுநாள் காலையில் காப்பகத்து வாசலில் கோமளாவை நிறுத்தி, "சிவப்பு ஊட்டுக் கொழந்தைங்களச் சேத்துக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார் ஆயா.

அன்றிலிருந்து ஒன்பது நாளாக அவள் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை எச்.ஆர். பெண் போனில் கூப்பிட்டு, திங்கட்கிழமை வராவிட்டால் மேசைக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தாள்.

இந்த ஒன்பது நாளில் மூன்று முறை டேனியல் வந்துவிட்டார். திட்டத்தின் களப்பணியாளர். சிவப்பு வீடுகளுக்குப் போய்ப் பேசி மனதை மாற்றுவது அவர் வேலை. மூன்றாம் முறை வந்தது வியாழக்கிழமை.

"ஊசி கொண்டாந்தீங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் கோமளா.

"இல்லீங்க்கா. ஊசி ஒம்பது மாசத்துலதானுங்க. நான் பேசத்தான் வந்தனுங்க."

"முந்தாநேத்தும் பேசத்தான வந்தீங்க? அதுக்கு முந்தியும் பேசுனீங்க. நீங்க பேசற பேச்சுல எம்புள்ள ஊசிக்கு அளுவறதே மறந்துருவாளாட்ட இருக்குது."

டேனியல் சிரித்துவிட்டுப் பையிலிருந்து படம் போட்ட அட்டைகளை எடுத்தார். முதல் அட்டையில் ஒரு அம்மா குழந்தையை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஊசி போட்டாக் காய்ச்சல் வருமோன்னு பயம் இருக்கறது சகஜமுங்க..."

"எனக்குப் பயம்னு ஆருங்க சொன்னது?"

"நீங்க சொல்லலீங்க. சிஸ்டம் சொல்லுது."

"அதுகிட்ட நான் எப்பங்க பேசுனேன்?"

டேனியல் அட்டையைத் திருப்பினார். கோமளா உள்ளே போய்க் கார்டை எடுத்து வந்து அந்த அட்டையின் மேலேயே வைத்தாள். "பாருங்க. மூணு தேதி. படிக்கத் தெரியுமில்லீங்க?"

"கார்டு நடந்து முடிஞ்சதச் சொல்லுதுங்க்கா. சிஸ்டம் நடக்கப்போறதச் சொல்லுது. நூத்துக்கு எம்பத்தேழு கரெக்டா இருக்குதுங்க."

"மிச்சம் பதிமூணுல நான் இருந்தா?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மறுக்கறவங்களும் இப்படித்தானுங்க சொல்லுவாங்க, நாங்க மறுக்கலீன்னு."

கோமளா அவரையே பார்த்தாள். ஆமாம் என்றால் மறுக்கிறவள். இல்லை என்றாலும் மறுக்கிறவள். கார்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்து, "அந்தப் படத்துல சிரிக்கறா பாருங்க, அவகிட்டப் போய்ப் பேசுங்க. அவதான் பதில் சொல்லாமக் கேப்பா!" என்றது குரல்.

டேனியலை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. அந்த ஏற்பாடும் கெட்ட எண்ணத்தில் பிறந்தது இல்லை. நர்சுகள் குறைவு, வீடுகள் ஏராளம். எந்த வீட்டில் தயக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே முதலில் ஆளை அனுப்பலாம். அதற்காகக் கடந்த ஐந்து வருடத்து நர்சுகளின் நோட்டுகளையெல்லாம் வாங்கி, வெளியூரில் ஆள் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி: தாயின் வயது, வேலை, எத்தனையாவது குழந்தை, சொந்த ஊர், ஊசிக்கு வந்தார்களா, மறுத்தார்களா. இயந்திரம் அந்த வரிகளை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டு, மறுத்த வீடுகளில் எவையெவை சேர்ந்து சேர்ந்து வருகின்றன என்று பார்க்கும். அதிகம் சேர்ந்து வருவதற்கு அதிக எடை போடும். புதிதாக ஒரு வீட்டைக் காட்டினால் அதற்குரிய எடைகளைக் கூட்டி, இவ்வளவு தூரம் மறுக்க வாய்ப்பு என்று சொல்லும். பாடம் நடத்த ஆசிரியர் கிடையாது. பழைய நோட்டுதான் ஆசிரியர். நோட்டில் இருப்பது மெய்தானா என்று அது கேட்காது. கேட்க அதற்குத் தெரியாது.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவள் கணவன் பிரபாகர் நெருப்பெரிச்சல் பகுதியிலிருந்து வந்தான். அங்கே ஒரு நிட்டிங் யூனிட்டில் வட்ட மெஷின் ஓட்டுகிறான். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கோமளா அரிசிம்பருப்புச் சாதம் இறக்கியிருந்தாள். தேங்காய்த் துண்டும் சின்ன வெங்காயமும் போட்டு, மேலே நெய் விட்டுத் தட்டை வைத்தாள். எச்.ஆர். சொன்னதையும் சொன்னாள்.

"ஒரு மாசம் சேவூர்ல உங்கம்மா ஊட்டுக்குப் போயி இருக்கறயா அம்மிணி? ஊசி போட்டுட்டு அப்பறமா வந்து வேற கம்பெனி பாத்துக்கலாம்."

"நான் ஏனுங்க போகோணும்? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஆறு வருசம் அந்த டேபிள்ல நின்னிருக்கறேன். எங்கையில பாசான பீசு ஒண்ணாச்சும் திரும்பி வந்திருக்குதுங்களா?"

"உன்னிய ஆரு தப்புன்னா? மெசின்ல காட்டுதுங்கறாங்க."

"மெசின்ல காட்டுதுன்னா? உங்க மெசின்ல துணி ஓட்டையா வந்தாத் துணியத் திட்டுவீங்களா?"

பிரபாகர் ஒரு கவளம் விழுங்கிவிட்டு, இன்று நாள் முழுக்கத் தனக்கும் அதே கிரகம்தான் என்றான். ஒரு ரோல் முழுக்கப் போச்சு. மேஸ்திரி நூல்காரனைக் கூப்பிட்டு ஏசிக்கொண்டிருந்தார். "நான் சொன்னேன், அண்ணா, சித்தெ இருங்க, நூலுல தப்புன்னா அங்கொண்ணு இங்கொண்ணா வரும். இது மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா எறங்குது. இது ஊசி ஒடைஞ்சதுங்க. தொறந்து பாத்தா ஒரு ஊசி மூக்கில்லாம நிக்குது."

கோமளா கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அப்ப, சிதறி வந்தாத் துணி. கோடா வந்தா மெசின்."

"அதான் உனக்குத் தெரியுமே. நீயென்ன புதுசாக் கேக்கறே?"

"இந்தக் காம்பவுண்டுல கைக்கொழந்தை இருக்கற ஊடு நாலு. நானும் தரணியும் சிவப்பு. ரிங்கியும் எஸ்தரும் பச்சை. எங்க ரெண்டு பேர்த்துக்கும் எதோ ஒண்ணு ஒரே கோடா வருது. அதென்னன்னு பாத்தாத் தெரிஞ்சு போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. ஆடிக் காற்று காம்பவுண்டுக்குள் புகுந்து, கட்டிங்கில் விழுந்த துணிக் கழிவையும் பஞ்சையும் சுழற்றிக் கதவு கதவாக அடித்தது. குழாயடியில் நான்கு பேரும் குடத்தோடு நின்றார்கள். கோமளா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"நான் என்ன நினைச்சேன்னா, வெளியூர்க்காரங்களச் சிவப்பாப் போட்டிருக்கறாங்கன்னு நினைச்சேன். தரணிக்குச் சங்கரன்கோயில் பக்கம்."

"நல்லா நினைச்சியேக்கா," என்றாள் தரணி. "எங்க ஊர்ல ஊசி போடலைன்னா எங்க ஆச்சி வீட்டுக்குள்ளயே விடமாட்டா. ஒன்னைய மாதிரி எம்பையன் யுவனுக்கும் மூணும் போட்டாச்சுல்லா."

"அது தப்புன்னுதான் சொல்ல வந்தேன். ரிங்கி பீகார். அவ பச்சை. நான் இந்தப் பக்கத்துக்காரி, நான் சிவப்பு. அப்ப ஊரில்ல."

ரிங்கி குடத்தைத் தூக்கிக்கொண்டே சிரித்தாள். அக்கா என்பதை அவள் இந்தியில்தான் சொல்வாள். "தீதி, எல்லாரும் சொல்லுவாங்க, இந்திக்காரங்க ஊசி போட மாட்டாங்கன்னு. இப்ப நாந்தான் பச்சை. நீங்க என்கிட்ட வாங்க, நான் பேசறேன். பயப்படாதீங்க, ஊசி நல்லது."

தரணிக்குச் சிரிப்பில் குடம் தளும்பியது. கோமளாவும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கோபம் இன்னும் கூடித்தான் இருந்தது.

"வேலைன்னு பாத்தா, நானும் எஸ்தரும் ஒரே கம்பெனி. அவ ஓவர்லாக் தைக்கறா, நான் செக்கிங். ரெண்டும் பனியன் வேலைதான். அப்ப வேலையும் இல்ல. எத்தனாவது கொழந்தைன்னு பாக்கலாம். எனக்கும் தரணிக்கும் மொதக் கொழந்தை. ரிங்கிக்கு மூணாவது."

"எனக்கும் மொதக் கொழந்தைதானுங்க்கா," என்றாள் எஸ்தர். "நான் பச்சை."

கோமளா நின்றாள். கோடு அங்கே அறுந்தது. குடம் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மேசையில் இப்படி நடந்தால் அவள் ரிஜெக்ட் பீசுகளை விட்டுவிட்டுப் பாசான பீசை எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். கெட்ட பீசை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தன் கதையைத்தான் சொல்லும். பக்கத்தில் நல்ல பீசை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"எஸ்தரு, நீ பிரசவத்துக்கு எங்க போனே?"

"எங்கம்மா ஊட்டுக்குத்தானுங்க."

"அம்மா ஊடு எங்க?"

"பின்னாடித் தெருதானுங்களே. தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"உம்புள்ளைக்கு மூணு ஊசியும் ஆரு போட்டது?"

"நம்ம சித்ரகலா நர்ஸம்மாதான். புதன்கிழமை தூக்கிட்டுப் போயிட்டு வந்தேன்."

"ரிங்கி?"

"நான் ஊருக்குப் போகல தீதி. மூணு நாள் ரயில். இங்கதான் பெரிய ஆஸ்பத்திரியில பொறந்துச்சு. ஊசி நர்ஸம்மா."

கோமளா தரணியைப் பார்த்தாள். தரணி சொல்ல வேண்டியதே இல்லை. வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போனவள், பையனுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் திரும்பி வந்தாள். கோமளாவும் அப்படித்தான். சேவூரில் அவள் தாய்வீட்டுக்குப் பக்கத்துத் துணைச் சுகாதார நிலையத்தில்தான் அக்ஷராவுக்கு மூன்று தடவையும் ஊசி. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகாத பெண்ணை இந்தப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"கோடு கெடைச்சிருச்சு," என்றாள். போனை எடுத்தாள். முதலில் நர்சை, பிறகு டேனியலைக் கூப்பிட்டாள். "பேசோணும்னு வந்தீங்களே, இன்னைக்கு வாங்க. நான் பேசறேன்."

பதினோரு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நர்ஸ் சித்ரகலா இந்த வார்டில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். விடுமுறை நாளானதால் சேலையில் இருந்தார். கோமளா தன் கார்டையும் தரணி கொண்டுவந்த கார்டையும் கட்டிலில் வைத்துக் கேட்டாள்: "எங்க ரெண்டு பேர்த்துக்கும் ஊசி வெளியூர்ல போட்டது. நாங்க திரும்பி வந்தப்ப நீங்கதான் கார்டப் பாத்து எழுதிக்கிட்டீங்க. என்னன்னு எழுதுனீங்க?"

"எப்பவும் எழுதறதுதான் கண்ணு. தா.வீ.ன்னு."

"அப்படின்னா?"

"தாய் வீடு. அங்க போட்டாச்சுன்னு அர்த்தம். நோட்டுல கட்டம் சின்னது, அதுல அவ்வளவுதான் எழுத முடியும். இந்தப் பக்கம் நர்சுக அல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். இப்ப டேப்லெட்லயும் அதையேதான் அடிக்கறேன்."

டேனியல் டேப்லெட்டைத் திறந்து கோமளாவின் வீட்டு எண்ணைத் தொட்டார். மூன்று ஊசிக்கான மூன்று கட்டங்கள். மூன்றிலும் ஒரே வார்த்தை இருந்தது. கோமளா எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"தவிர்ப்பு. தவிர்ப்பு. தவிர்ப்பு."

"நான் அப்படி அடிக்கவே இல்லீங்களே!" என்றார் சித்ரகலா.

டேனியல் திரையை மேலும் கீழும் தள்ளி, சுருக்கெழுத்துகளுக்கு அர்த்தம் வைத்திருந்த பட்டியலைத் தேடி எடுத்தார். நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் தயாரித்தது அது. 'காய்.' என்றால் காய்ச்சல். 'பூ.' என்றால் வீடு பூட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: 'தவி.', 'தா.வீ.' என்றால் தவிர்ப்பு. கையெழுத்தில் காலும் சுழியும் சரியாகத் தெரியாத நோட்டு. தாய்வீட்டுப் பிரசவம் பற்றி யோசிக்காத யாரோ ஒருவர். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்திருக்கிறார். பிறகு இயந்திரம் பாடம் படித்தது. ஐந்து வருடமாகத் தாய்வீடு போய் வந்த பெண்கள் எல்லாரும், முறையாக ஊசி போட்டவர்கள் எல்லாரும், அதன் பாடத்தில் மறுத்தவர்கள். வெளியூரில் தாய்வீடு உள்ள முதல் பிரசவக்காரி என்றால் மறுப்பாள் என்று அது கற்றுக்கொண்டது. சரியாகவே கற்றது. கொடுத்த பாடம் அது.

"எம்பத்தேழு கரெக்ட்டுன்னீங்களே," என்றாள் கோமளா. "எதை வெச்சுங்க பாத்தீங்க?"

டேனியலின் குரல் தாழ்ந்திருந்தது. "அந்த நோட்டுலயே கொஞ்சத்தத் தனியா எடுத்து வெச்சு, அதோட ஒத்துப் பாப்பாங்க."

"தப்பாத் தெச்ச பீசையே அளவுக்கு வெச்சுக்கிட்டு, அல்லாப் பீசும் அளவுக்குச் சரியா இருக்குதுன்னு பாஸ் போட்டிருக்கறீங்க. எங்க கம்பெனில இப்படி ஒரு வேலையச் செஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க."

"மன்னிச்சுக்குங்க்கா."

"மன்னிக்கறதுக்கு இதுல கட்டம் இருக்குதா பாருங்க. அதுலயும் தவிர்ப்புன்னு வந்துரப் போவுது."

கதவருகே நின்ற தரணி, "எங்க அம்மா வீட்டுக்குப் போனதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள். சித்ரகலா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த வார்டில் மட்டும் சிவப்பு வீடுகள் எழுபத்திரண்டு இருந்தன. அந்தப் பெண்கள் பலரிடமும் அவரே போய், ஏனம்மா இப்படிப் பண்ணுகிறீர்கள் என்று அதட்டியிருந்தார்.

"பழச விடுங்க. நாளைக்குக் காலைல ஏழரைக்குக் கம்பெனி வண்டி வருது. இப்ப மாத்துங்க," என்றாள் கோமளா.

சித்ரகலா கார்டைப் பார்த்து, 'தா.வீ.'யை அழித்துவிட்டு, சேவூர் என்று ஊரையும், மூன்று தேதிகளையும் முழுசாக அடித்தார். டேனியல் பொத்தானைத் தொட்டார். வட்டம் ஒரு நிமிடம் சுற்றியது. நின்றபோது மஞ்சளாக இருந்தது.

"மஞ்சளா?" கோமளாவின் சத்தத்தில் தூளியில் கிடந்த அக்ஷரா விழித்து அழுதாள். "எடுத்துச் சொன்னாத்தான் கேப்பனாமா நானு?"

டேனியல் அவசரமாக விளக்கினார். உங்கள் கட்டம் சரியாகிவிட்டது, ஆனால் அது கற்ற பாடம் இன்னும் பழையதுதான், முதல் குழந்தை, தாய்வீடு வெளியூர் என்றால் அதற்கு இன்னும் சந்தேகம் வரும், திருத்திய நோட்டை வைத்து மறுபடி முதலிலிருந்து படிக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு மாதமாவது ஆகும்.

"ஒரு மாசத்துக்கு எம்பொழப்பு அது கலர் மாறறதப் பாத்துட்டு நிக்கோணுமா?" கோமளா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எச்.ஆர். பெண்ணைப் போனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு நர்சிடம் நீட்டினாள். "சொல்லுங்க நர்ஸம்மா. எழுதுனது என்ன, அது படிச்சது என்னன்னு சொல்லுங்க."

சித்ரகலா சொன்னார். எதையும் மறைக்கவில்லை. பிறகு எச்.ஆர். பெண், "எங்களுக்கு அந்தக் கலருக்கு அர்த்தம் சரியாத் தெரியாதுங்க மேடம். ஊசி போடாத கொழந்தைங்கன்னுதான் நினைச்சோம்," என்றாள். "நீங்க கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தாச் சேத்துக்கறோம்."

"எழுதுங்க," என்றாள் கோமளா. டேனியலையும் உட்காரச் சொன்னாள். கையெழுத்துப் போடாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்றாள். திட்டம் செய்ய வேண்டியதை டேனியல் சொல்லச் சொல்ல, சித்ரகலா ஒரு வெள்ளைத் தாளில் ஒரு எழுத்தையும் சுருக்காமல் எழுதினார்; இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்:

'அக்ஷரா, யுவன் இருவருக்கும் மூன்று தவணை ஊசிகளும் தாயின் ஊரில் போடப்பட்டுள்ளன. கார்டைப் பார்த்து உறுதி செய்தேன். டேப்லெட்டில் தெரியும் நிறம் ஊகம். ஊசி போட்டதற்குப் பதிவு கார்டுதான். காப்பகத்தில் கார்டைப் பார்த்துக் குழந்தையைச் சேர்க்கவும். இனி வெளியூரில் போட்ட ஊசிக்கு ஊரும் தேதியும் முழுசாகப் பதியப்படும். பழைய நோட்டுகளில் தா.வீ. என்று உள்ள எல்லா வரிகளும் "போடப்பட்டது" என்று திருத்தப்படும். அதன் பிறகே இயந்திரத்தை மறுபடி படிக்க வைக்க வேண்டும். அதுவரை எந்த வீட்டின் நிறமும் எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கப்படாது.'